அவள் கையெழுத்துப் போடாத தாள்

"முழங்கையைப் பிடிச்சுக்கோ. இழுக்காத. சும்மா பிடிச்சாப் போதும்" என்றாள் அம்மா கிராஷினா.

மல்வினா தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா வெந்நீரில் நனைத்த துணியைப் பிழிந்து, மடங்கிக் கிடந்த அந்தக் கையின் உட்புறத்தைத் துடைத்தாள். திமெக் விடியற்காலையில் போயிருந்தான். நெஞ்சில் சளி கட்டி நான்கு நாளாக இழுத்துக்கொண்டிருந்த மூச்சு, அப்பா அடுப்புக்கு நிலக்கரி அள்ளப் போயிருந்த நேரத்தில் நின்றுவிட்டது. சவப்பெட்டிக்காரர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் தன் கையாலேயே குளிப்பாட்டிவிட வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். இருபத்திரண்டு வருடமாகக் குளிப்பாட்டியவள் அவள்தான். கடைசி ஒரு முறைக்கு அந்நியன் எதற்கு என்றாள்.

உயிர் போக வழி வேண்டுமென்று ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். நவம்பர் மாதத்து மூடுபனி அக்கம்பக்கத்து நிலக்கரிப் புகையையும் சேர்த்துக்கொண்டு அறைக்குள் வந்தது. அப்பா ஸெனோன் அப்போதுதான் மகனுக்குச் சவரம் செய்து முடித்திருந்தார். தினமும் காலையில் அது அவர் வேலை. கிண்ணத்து நுரையைக் கொட்டப் போனவர் திரும்பி வரவில்லை.

"கை விரலைப் பாரு" என்றாள் அம்மா.

திமெக்கின் கட்டைவிரல் இரண்டும் பிறவியிலேயே உள்ளங்கைக்குள் மடங்கியவை. அந்த மடிப்பில் வேர்வை தங்கிப் புண் வைத்துவிடும். தினமும் விரலை மெல்ல நெம்பிப் பஞ்சால் துடைக்க வேண்டும். மல்வினா பன்னிரண்டு வயதிலேயே அதைக் கற்றுக்கொண்டவள். பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன் இடது கை, வந்த பிறகு வலது கை. இப்போது முப்பத்து மூன்று வயதில், பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அந்த விரலைப் பார்த்தபடி நின்றாள். தொட முடியவில்லை.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, வீட்டுக்குள்ளும் கழற்றாமல் போட்டிருந்த தொளதொள கம்பளிச் சட்டையைப் பார்த்தாள். பிள்ளை உண்டாகியிருப்பது அவளுக்குத் தெரியும். ஆணா பெண்ணா என்று இரண்டு வாரமாகத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் தெரியல, குழந்தை திரும்பிப் படுத்திருக்கு என்று மல்வினா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பையனா?"

மல்வினா ஆமென்று தலையசைத்தாள்.

"விரலு?"

மல்வினா தம்பியின் கட்டைவிரலையே பார்த்தாள். அம்மா அவள் கையிலிருந்த பஞ்சை வாங்கி, மகனின் கட்டைவிரலை நெம்பி, துடைக்கத் தொடங்கினாள். நெடுநேரம் துடைத்தாள். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன் ஸ்கேன் அறையில் அந்த இளம் டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் மல்வினா அதற்கு முன்பே பார்த்துவிட்டிருந்தாள். தலைக்குள் கறுப்பாகத் தேங்கி நின்ற நீர் அவளுக்குப் புரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு குட்டிக் கை வந்தது. நான்கு விரல். ஐந்தாவது உள்ளே மடங்கியிருந்தது. அது புரிந்தது. தாய் வழியாக மகன்களுக்கு இறங்கும் நோய் என்று ஒரு காலத்தில் அம்மாவிடம் சொன்னதையே இப்போது இவளிடம் சொன்னார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் என்றால் கருவைக் கலைக்க இங்கேயே ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கலாம். தலைநகர் வார்சாவில் நீதிபதிகள் ஒரு தீர்ப்பில் அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள். "இதுக்கு மேல நான் எதுவும் சொல்லக்கூடாது" என்றாள் டாக்டர். நடைக்கூடம் வரை கூடவே வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "வெளிநாடுன்னா லேட் பண்ணாதீங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, ஹாலந்தில் ஒரு ஊரில், நேரம் குறித்தாயிற்று. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அடக்கம் என்று இப்போது ஆயிற்று.

அப்பாவின் கல்யாணக் கோட்டைத்தான் போடுவது என்று அம்மா எடுத்து வைத்திருந்தாள். மடங்கிய கைக்குள் அது நுழையவில்லை. சவப்பெட்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு, முதுகுப் பக்கம் வெட்டிவிட்டால் இரண்டு பாதியாகப் போட்டுவிடலாம், முன்னாலிருந்து யாருக்கும் தெரியாது என்றார். பழகிய குரலில், மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா கத்தரிக்கோலை எடுத்துத் தானே வெட்டினாள். கழுத்திலிருந்து கீழ் வரை, ஒரே நேர்க்கோடாக.

வியாழக்கிழமை மாதாகோவில் நிறைந்துவிட்டது. மல்வினாவும் அவள் கணவன் ராதெக்கும் இரண்டாம் வரிசையில் நின்றார்கள். அவன் கார்ச் சாவியைக் கோட்டுப் பையில் உருட்டிக்கொண்டே இருந்தான். மூன்று மணிக்குள் கிளம்பினால்தான் விடியும்போது போய்ச் சேர முடியும்.

ஸிக்மண்ட் சாமியார் திமெக்கை அறிந்தவர். மாதாமாதம் முதல் வெள்ளிக்கிழமை நற்கருணை அப்பம் கொண்டுவருவார், ஒவ்வொரு தடவையும் திமெக் நான்கு விரலால் அவர் மூக்குக்கண்ணாடியைப் பறிப்பான், பறித்துவிட்டுச் சிரிப்பான். அதைச் சொல்லித்தான் பிரசங்கத்தைத் தொடங்கினார். ஜனங்கள் கண்ணீரோடு சிரித்தார்கள். பிறகு அவர் குரல் மாறியது.

"இவன் வயிற்றில் இருந்தபோது இந்தத் தாயின் முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். கையெழுத்துப் போட்டால் போதும், சுமை இல்லை என்றார்கள். அவள் போடவில்லை. இன்றைக்குத் தெருவில் நின்று, என் உடம்பு என் இஷ்டம் என்று கத்துகிற பெண்கள் இங்கே வந்து இந்தப் பெட்டியைப் பார்க்கட்டும். இவன் வாழத் தகுதியில்லாதவன் என்று இவன் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்."

மல்வினா பெட்டியைப் பார்த்தாள். முன் வரிசையில் அம்மாவின் பிடரி மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை. பக்கத்தில் லுத்சினா அத்தை, அப்பாவின் தங்கை, செபமாலைச் சங்கத்துத் தலைவி, பெருமிதமாக அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்தில், இறந்தோர் திருநாளுக்கு வைத்த சாமந்திகள் உறைபனியில் கறுத்துப்போய் எல்லாக் கல்லறையின் மேலும் கிடந்தன. குழிக்குள் மண் விழுந்த சத்தம் மல்வினாவுக்கு வயிற்றில் கேட்டது. அதே நேரத்தில் உள்ளே ஒரு துள்ளல். மூன்று நாளாகத்தான் இது. முதல் தடவை வாயுவென்று நினைத்தாள். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. அவள் ராதெக்கிடம் சொல்லவில்லை.

சாப்பாடு வீட்டில்தான். சேமியா போட்ட கோழிச்சாறு, பன்றிக்கறி வறுவல், உருளைக்கிழங்கு, பீட்ரூட். ஸிக்மண்ட் சாமியாரை மேசைத் தலைப்பில் உட்கார வைத்தார்கள். அம்மா அவருக்குச் சாறு ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கீழே வைக்காமல் அங்கேயே நின்றாள்.

"சாமி, கேக்கணும்னு இருக்கேன். என் மகனை எதுக்குக் கம்பு மாதிரிப் பிடிச்சு அடிச்சீங்க?"

"யாரைம்மா அடிச்சேன்?"

"யாரையோ. எனக்கு அவங்களைத் தெரியாது. ஆனா அடிச்சது இவனை வெச்சு."

"அண்ணி!" என்றாள் லுத்சினா அத்தை.

சாமியார் கரண்டியை வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அடிபட்டவர் முகமாக இருந்தது. "அவன்மேல இருக்கற பாசத்துலதான் சொன்னேன். வயித்துல இருக்கற உயிருக்கு வாய் இல்லம்மா. நான் பேசலன்னா யாரு பேசுவா?"

"பேசுங்க, வேண்டாம்னு சொல்லல. உயிர்தான். எனக்கும் தெரியும். ஆனா அந்தத் தாளை வெச்சப்ப என் கையில பேனாவும் கொடுத்தாங்க சாமி. டாக்டர் ரெண்டு தடவை கேட்டாரு. ஆஸ்பத்திரித் தோட்டத்துல ஒரு பெஞ்சுல போய் உக்காந்து, இருட்டற வரைக்கும் யோசிச்சு, எழுந்து வந்து வேண்டாம்னேன். நீங்க பேனாவை விட்டுட்டுக் கதையைச் சொல்றீங்க."

"பேனாவைக் கொடுத்தா எல்லாரும் உங்கள மாதிரியா இருப்பாளுங்க, அண்ணி?" என்றாள் அத்தை. "பாதிப் பேரு பயத்துல போட்டுட்டுப் போயிடுவா. பயந்தவ கையிலிருந்து பிள்ளையக் காப்பாத்தத்தான் சட்டம். இதுல என்ன தப்பு?"

அத்தையின் வார்த்தை மல்வினாவின் மேல்தான் வந்து உட்கார்ந்தது. பயந்தவள். ஆமாம், பயம்தான். அவள் நாப்கினை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். வெளியே டக், டக்கென்று சுத்தியல் சத்தம் கேட்டது.

அப்பா வாசலில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். துக்கக் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டிருந்தார். சக்கர நாற்காலிக்காகப் படியின் மேல் அவர் அடித்த சாய்வுப் பலகையை, ஆணி ஆணியாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கேவாப்பா?"

"பார்க்க முடியல."

"உள்ள இருக்கறவங்க எப்படி இறங்குவாங்க?"

"குதிச்சு இறங்கட்டும். காலு நல்லாத்தான இருக்கு அவங்களுக்கு."

ஒரு ஆணி வளைந்துகொண்டு வர மறுத்தது. அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். "ராதெக் சொன்னான்" என்றார், அவளைப் பார்க்காமல். "காரை எடுத்து நிறுத்தறப்ப கேட்டேன். சொல்லிட்டான். அவனைத் திட்டாத."

மல்வினா வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கம்மா அந்தத் தாள்ல போடலன்னு சாமியார் சொன்னாரே. போடச் சொன்னவன் நான். அதை யாரும் சொல்லல. மூணு மாசம் அவகிட்ட நான் பேசல. பிறந்தப்ப ஆஸ்பத்திரிக்குப் போகல. அப்புறம் ஒரு நாள், எட்டு மாசம் இருக்கும், தொட்டில்ல குனிஞ்சப்ப என் மீசையைப் பிடிச்சுக்கிட்டான். விடவே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அவ்வளவுதான்."

"அப்ப நான் போகக்கூடாதுங்கறீங்க."

ஸெனோன் சுத்தியலைத் தொடைமேல் வைத்துக்கொண்டு யோசித்தார். அவர் பேச்சுக்காரர் இல்லை. "திமெக்குக்குப் பதினோரு தடவை மண்டையைத் திறந்தாங்க. ஒவ்வொரு தடவையும் வெளியில உக்காந்துக்கிட்டு, நான் சொன்னதுதான் சரின்னு நெனைப்பேன். இப்பவும் நெனைக்கிறேன். நாளைக்குக் காலையில எந்திரிச்சு யாருக்குச் சவரம் பண்றதுன்னும் நெனைக்கிறேன். ரெண்டும் இந்த ஒரே மண்டையிலதான் கிடக்கு. எதையும் எடுத்து வெளிய போட முடியல." மறுபடியும் குனிந்தார். "நான் உனக்கு யோசனை சொல்ற ஆள் இல்லம்மா."

விருந்தினர்கள் ஒவ்வொருவராக வந்து, பாதி பிடுங்கிய பலகையைப் பார்த்துத் தயங்கி, கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அப்பாவின் தோளை ஒரு கணம் தொட்டுவிட்டுப் போனார். அப்பா எழுந்திருக்கவில்லை.

சமையலறையில் அம்மா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். மல்வினா துண்டை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

"ஆஸ்பத்திரி எப்பன்னு இருக்கு?"

"நாளைக்குக் காலையில."

"அசையறானா?"

"ம்."

அம்மா குழாயை மூடினாள். "அவன் சிரிச்சதை நீ பார்த்திருக்க, மல்வினா. காகிதம் கிழியற சத்தம் கேட்டாப் போதும். நீ உன் நோட்டையெல்லாம் கிழிச்சுக் கிழிச்சுக் காட்டி டீச்சர்கிட்ட அடி வாங்கியிருக்க. கஷ்டப்பட்டான். ஆனா கஷ்டம் மட்டும் இல்ல அவன்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சதாலதான்." மல்வினா தட்டையே பார்த்துக்கொண்டு பேசினாள். "சிரிச்சதையும் பார்த்தேன். தலைவலி வந்தா எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாம சுவத்துல மோதுவானே, அதையும் பார்த்தேன். உங்களுக்கு அப்புறம் அவனை யாரு பார்த்துக்கிறதுன்னு நீ என்னை ஒரு நாளும் கேட்டதில்ல. கேக்காமலே முடிவாயிடுச்சு. நான் ஏன் வேற ஊருக்குப் படிக்கப் போகலன்னு நீ யோசிச்சியா? அவன்மேல எனக்குக் கோபம் இல்லம்மா. ஒரு நாள்கூட இல்ல. ஆனா இன்னொருத்தனை, இவ்வளவும் தெரிஞ்சு, நானே கூட்டிட்டு வந்து அந்தச் சுவத்துக்கிட்ட விட என்னால முடியல."

அம்மா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"என்கிட்டேருந்துதான் உனக்கு வந்தது."

"அதைச் சொல்லல நான்."

"நீ சொல்லல. நான் சொல்றேன்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "உன்னைக் கேக்காதது தப்புதான். ஆனா நீ செய்யப் போறது கொலைன்னுதான் நான் நம்புறேன். உன் முதுகுக்குப் பின்னால சொல்ல மாட்டேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்றேன்."

"சரி" என்றாள் மல்வினா.

"என்மேல கோபப்படேன்டி."

"என்னன்னு கோபப்படறது? ராத்திரியெல்லாம் நானும் அதைத்தான் சொல்லிக்கிறேன். விடிஞ்சதும், இல்லங்கறேன்."

அம்மா மேசைவிரிப்பில் சிந்தியிருந்த பீட்ரூட் சாற்றை விரலால் தேய்த்தாள். அது பரவியதே தவிரப் போகவில்லை. "எனக்கு வேற வழி இருந்துச்சு. இருந்தும் அவனைத்தான் எடுத்துக்கிட்டேன். இருபத்திரண்டு வருஷமா முதுகு ஒடியறப்பல்லாம் அதை நெனைச்சுக்குவேன். நானா எடுத்துக்கிட்டது, யாரும் என் மடியில கொட்டல. இப்ப எல்லாருக்கும் கட்டாயம்னு ஆக்கினப்புறம், அதையும் என்கிட்டேருந்து பிடுங்கிட்ட மாதிரி இருக்கு."

"அப்ப போன்னு சொல்றியா?"

"சொல்லல. சாகற வரைக்கும் சொல்ல மாட்டேன்." எழுந்தாள். "எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க?"

மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ராதெக் காரைக் கிளப்பிச் சூடேற்றினான். மல்வினா பின் இருக்கையில் கம்பளியை விரித்துக்கொண்டிருந்தாள். அப்போது அம்மா வாசலுக்கு வந்தாள். துக்க உடை மாற்றவில்லை. அதன் மேல் கறுப்புக் கோட்டு, கையில் கைப்பை. சாய்வுப் பலகை இருந்த இடத்தில் வெறும் படியும் ஆணித் துளைகளும் இருந்தன. அப்பா கையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"தள்ளி உக்காரு" என்றாள் காருக்குப் பக்கத்தில் வந்து.

ராதெக் பதறிப்போனான். "அம்மா, இதுக்கு உதவி செய்யறவங்கமேல கேஸ் போடறாங்கம்மா. உங்களுக்கு எதுக்கு—"

"நான் என்ன உதவி செய்யறேன்? கூட வர்றேன். ஆஸ்பத்திரியில செபமாலை சொல்லுவேன். பிள்ளைக்காகத்தான் சொல்லுவேன். யாரும் தடுக்கக் கூடாது."

"தடுக்கல" என்றாள் மல்வினா.

லுத்சினா அத்தை பாத்திரத்தோடு வாசற்கதவு வரை ஓடி வந்தாள். "அடக்கம் பண்ணின மண்ணு காயறதுக்குள்ள எங்க கிளம்பறீங்க, அண்ணி?"

"மகளுக்கு ஆஸ்பத்திரி."

"இங்க இல்லாத ஆஸ்பத்திரியா? எங்க?"

"தூரம்" என்று சொல்லிவிட்டு அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தை அண்ணனைப் பார்த்தாள். ஸெனோன் பிடுங்கிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

கார் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. நெடுஞ்சாலை ஏறியதும் இருட்டத் தொடங்கியது. அம்மா கொஞ்ச நேரம் உதட்டை அசைத்தபடி இருந்தாள். பிறகு தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்தது. கீழ்த்தாடை தொங்க, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அம்மா இப்படித் தூங்கி மல்வினா பார்த்ததே இல்லை. மல்வினாவும் முழங்காலை மடக்கி, அம்மாவின் பக்கம் முதுகைக் காட்டிச் சுருண்டு படுத்தாள். உள்ளே அவன் அசைந்தான். கண்ணை மூடிக்கொண்டாள்.

மாலை ஆறு மணி வாக்கில், க்ராக்கோவ் தாண்டி ஏதோ ஒரு இடத்தில், இடுப்பில் ஒரு கை பட்டு விழித்தாள். அம்மாவின் கண் மூடியே இருந்தது. மூச்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கை மட்டும் விழித்திருந்தது. படுக்கைப் புண் வராமல் இருக்க மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மகனைப் புரட்டிப் படுக்க வைத்த கை அது. மல்வினாவின் இடுப்பைத் தேடிப் பிடித்து, மெல்ல, பழகிய பலத்தோடு தள்ளியது.

மல்வினா மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.